பெயரில்லாத இரத்தம்

கனகேந்திரன் வீட்டில் இரண்டு பேர் வசிப்பதாக நகரசபைப் பதிவு சொன்னது. அவருடைய பின்வளவுத் தோட்டத்துக் கொசுப்பொறியில் பிடிபட்ட நுளம்புகள் மூன்று பேர் என்றன.

சாம்பவி திரையை மறுபடியும் பார்த்தாள். பொறி எண் நூற்றுப் பதினெட்டு. ஒன்பது பெண் நுளம்புகள். அவற்றின் வயிற்றில் கனகேந்திரனின் இரத்தம், அவர் மனைவி புஸ்பராணியின் இரத்தம், பிறகு இன்னொரு பெண்ணின் இரத்தம். அந்த மூன்றாவது இரத்தத்துக்கு எதிரே இயந்திரம் 'பெயரில்லை' என்று எழுதியிருந்தது.

சோல்விக், நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி நகரம். சாம்பவி பிறந்து வளர்ந்த இடம். அவள் பள்ளிக்குப் போன காலத்தில் ஏப்ரலிலும் வாசலில் பனி தள்ளவேண்டியிருந்தது. இப்போது அந்த மாதத்திலேயே நுளம்பு கடித்தது. காலில் வெள்ளை வரி உள்ள புலிநுளம்பு, சூடு கூடக் கூட ஒவ்வொரு கோடையும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஏறி, கடைசியில் இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. போன வருடம் அதன் பின்னால் டெங்குக் காய்ச்சலும் வந்தது. நான்கு பேர் செத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. நகரத்தில் உள்ள எல்லாரும் ஒரு துளி இரத்தம் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு வளவுகளில் பொறிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பொறிக்குள்ளும் தீப்பெட்டி அளவில் ஒரு வாசிப்பான். நுளம்பு கடந்த இரண்டு நாளில் யாரைக் கடித்தது, அந்த இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று அது படித்துச் சொல்லிவிடும். கிருமி இருந்தால் கடிபட்டவரைக் காய்ச்சல் தொடங்கும் முன்பே கூப்பிட்டு எச்சரிக்கலாம். நல்ல நோக்கம்தான். முதல் மாதத்திலேயே ஆறு பேர் அதனால் பிழைத்தார்கள். அந்த ஆறு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டவள் சாம்பவிதான்.

நுளம்புப் பிரிவின் தலைவர் ரூனர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நூற்றுப் பதினெட்டில் மட்டும் இல்லை. இதைப் பார்" என்று வரைபடத்தைத் திறந்தார்.

அதே பெண்ணின் இரத்தம் பதினொரு வளவுகளில். பதினொன்றும் இந்த வருடம் காய்ச்சல் வந்த மூன்று தெருக்களில்.

"காய்ச்சல் எங்கேயோ, இவளும் அங்கே. இவள்தான் வெளியிலிருந்து கொண்டு வந்திருக்கிறாள்."

"அவளுடைய இரத்தத்தில் கிருமி இருக்கிறதா?"

"இப்போது இல்லை. முன்பு இருந்திருக்கலாம். பொலிஸ் இந்தப் பட்டியலைக் கேட்கிறது, சாம்பவி. நான் இரண்டு நாள் தவணை வாங்கியிருக்கிறேன். உன் ஆட்களின் வீடு. நீ போனால் கதவு திறப்பார்கள்."

நோர்வே மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அது அவளை உறுத்தியதே இல்லை. 'உன் ஆட்கள்' உறுத்தியது.

அவள் முதலில் கனகேந்திரன் வீட்டுக்குப் போகவில்லை. அதே தெருவில் இருந்த இங்கெரிடம் போனாள். இங்கெரின் கணவர் ஓட்வார், படகுச் சேவையில் கப்டனாக இருந்தவர், பன்னிரண்டு நாளுக்கு முன்புதான் டெங்கில் இறந்திருந்தார். அவருடைய சப்பாத்துகள் இன்னும் வாசலில் இருந்தன.

"நான் பொலிசுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்" என்றாள் இங்கெர். "விடிய நான்கு மணிக்கு நல்ல வெளிச்சம். யன்னலால் பார்க்கிறேன், ஒரு பெண் என் மழைநீர்ப் பீப்பாய்க்குள் குனிந்து நிற்கிறாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். கையில் ஒரு கரண்டி. நான் கத்தினேன், வேலியால் ஏறி ஓடிவிட்டாள். எதையோ அதற்குள் ஊற்றியிருக்கிறாள். அடுத்த வாரம் ஓட்வாருக்குக் காய்ச்சல்."

"ஊற்றியதைப் பார்த்தாயா?"

"வேறு எதற்கு ஒருத்தி அடுத்தவன் வளவுக்குள் வருவாள்?"

சாம்பவி பீப்பாயைப் போய்ப் பார்த்தாள். பாதிக்கு மழைநீர் நின்றது. ஆனால் உட்சுவர் சுத்தமாக இருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு, வட்டமாக, யாரோ நார்த் தும்பால் அழுத்தித் தேய்த்திருந்தார்கள். பாசிப் படலத்தில் தேய்ப்பின் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். புலிநுளம்பு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீருக்கு மேலே, சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, சுவரைத் தேய்க்கவேண்டும். இது நகரசபையில் அவளுக்கும் இன்னும் நான்கு பேருக்கும் மட்டுமே தெரியும். நுளம்பைக் கொண்டுவந்து விடுகிறவள் எதற்கு முட்டையைத் தேய்க்கவேண்டும்? அல்லது வேறு எதையோ மறைக்கத் தேய்த்தாளா?

புஸ்பராணி கதவைத் திறந்தார். சிரித்தார். ஆனால் வழி விடவில்லை.

"வா பிள்ளை. அம்மா சுகமோ? அங்கிள் ஃபக்டரிக்குப் போயிட்டார்."

"சுகம் அன்ரி. பொறியைப் பாக்க வந்தனான். உங்கட வீட்டில எத்தினை பேர் இருக்கிறியள்?"

"அது உனக்குத் தெரியாதோ? நானும் அவரும்தான்."

"வேற ஆரும் வந்து நிக்கினமோ?"

புஸ்பராணியின் சிரிப்பு மறைந்தது. "பிள்ளை, நீ நுளம்பு பிடிக்க வந்தனியோ, ஆக்களைப் பிடிக்க வந்தனியோ?"

சாம்பவிக்கு முகம் சுட்டது. உள்ளே, நிலவறைக்குப் போகும் படிக்கட்டுக் கதவு ஓர் அங்குலம் திறந்திருந்தது. அவள் குரலை உயர்த்தி, அந்தக் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"அன்ரி, நான் ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். ஊரில சின்ன வயசில டெங்கு வந்த ஆக்களுக்கு இஞ்சை ரெண்டாந்தரம் வந்தா, வெள்ளைக்காரருக்கு வாறதை விட மோசமா வரும். உள்ளுக்கை இரத்தம் கசியும். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு நினைக்கிற அண்டைக்குத்தான் ஆள் விழும். அப்பிடி ஆருக்கும் காய்ச்சல் வந்தா ஒளிச்சு வச்சிருக்காதேங்கோ."

படிக்கட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆண் நுளம்பைச் சோதிச்சுப் பாத்தனீங்களோ?"

"மலர், பேசாமல் இரு!" என்று புஸ்பராணி திரும்பினார். ஆனால் அந்தப் பெண் மேலே ஏறி வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். மெலிந்த தோள்கள். இரண்டு முழங்கைகளிலும் நுளம்புக் கடியின் சிவப்புத் தடிப்புகள்.

பெயர் தேவமலர். புஸ்பராணியின் ஒன்றுவிட்ட தங்கை. வவுனியாவில் ஒன்பது வருடம் டெங்கு ஒழிப்பு வேலை பார்த்தவள். வீடு வீடாகப் போய்ப் பூச்சாடித் தட்டுகளையும் டயர்களையும் கவிழ்த்தவள். நோர்வேயில் அவளுடைய அகதி விண்ணப்பம் எட்டு மாதத்துக்கு முன்பு மறுக்கப்பட்டிருந்தது.

"ஏன் திரும்பிப் போகேல்லை எண்டு கேக்காதேங்கோ" என்றாள். "கேட்ட எல்லாருக்கும் ரெண்டு வருசமாச் சொல்லி முடிச்சிட்டன். ஒருத்தரும் நம்பேல்லை."

"நான் அதைக் கேக்க வரேல்லை. காய்ச்சல் வந்த தெரு எல்லாத்திலயும் உங்கட இரத்தம் இருக்கு. அதைத்தான் கேக்கிறன்."

"காய்ச்சல் வந்த தெருவுக்குத்தானே நான் போனன்? வராத தெருவில எனக்கு என்ன வேலை? காய்ச்சல்காரர் கிடக்கிற அறையிலதான் டொக்டரும் நிப்பார். அதுக்காக அவரோ கொண்டு வந்தவர்?" அவள் கையைச் சொறிந்தாள். "இந்த வருசத்து முதல் சாவு கேள்விப்பட்டாப் பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியேல்லை. பகலில வெளிக்கிட ஏலாது. விடிய மட்டும்தான். கரண்டியால புழுவை அள்ளிப் பாத்திட்டுச் சுவரைத் தேச்சன். அந்த மனுசி கத்தினதால பீப்பாயைக் கவிட்டு ஊத்த முடியாமப் போச்சு. அந்தாள் செத்துப்போனது தெரியும். எனக்கு நித்திரை இல்லை."

"ஆண் நுளம்பு எண்டு ஏன் கேட்டனீங்கள்?"

"ஆண் நுளம்பு இரத்தம் குடிக்குமோ?"

"குடிக்காது."

"அப்ப அதின்ர உடம்பில கிருமி இருந்தா, எங்கையிருந்து வந்தது?"

பதில் சாம்பவிக்குத் தெரிந்திருந்தது. தாயிடமிருந்துதான். முட்டைக்குள்ளிருந்து. போன வருட நுளம்பின் கிருமி முட்டையோடு குளிர்காலம் முழுக்கச் சுவரில் ஒட்டிக் கிடந்து, இந்த வருடம் பிறக்கும்போதே கூடப் பிறந்திருக்கவேண்டும். அப்படியென்றால் இந்தக் கோடையில் அதை யாரும் கொண்டு வரவில்லை.

அவளுக்குத் தேவமலர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தப்பிப்பதற்காக நன்றாகக் கதை கட்டத் தெரிந்தவர்களையும் அவள் கண்டிருக்கிறாள். அதனால்தான் அன்று பிற்பகலே ஆய்வுகூடத்துக்குப் போனாள்.

பொறிகளில் ஆண் நுளம்புகளும் விழும், பெண்களைத் தேடி வந்து. வயிற்றில் இரத்தம் இல்லாததால் வாசிப்பான் அவற்றைப் படிக்காமல் ஓரத்துக் கிண்ணத்தில் தள்ளிவிடும். வாரம் ஒருமுறை குப்பைக்குப் போகும். சாம்பவி அந்த வாரத்துக் குப்பையைக் கேட்டு வாங்கினாள். இறகு போன்ற உணர்கொம்பைப் பார்த்து ஆண்களைப் பிரித்தாள். இருபது இருபதாக அரைத்து, நாற்பத்தாறு குப்பிகளைச் சோதனைக்குப் போட்டாள். மூன்றில் கிருமி இருந்தது. நம்பாமல் மறுபடி போட்டாள். மறுபடியும் மூன்று.

ரூனர் முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல, அறிவியல் தெரிந்தவர். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"அப்படியென்றால் இது இங்கேயே தங்கிவிட்டது."

"ஆம். இப்போது இது எங்களுடையது."

"ஊர் என்னிடம் ஓர் ஆளைக் கேட்கிறது. நீ முட்டையைத் தருகிறாய்." நெற்றியைத் தேய்த்தார். "ஒருத்தி கொண்டு வந்தாள், அவளை அனுப்பிவிட்டோம் என்றால் மக்கள் தூங்குவார்கள். இது இனி ஒவ்வொரு வருடமும் வரும் என்றால்? திங்கட்கிழமை வரை வெளியே விடாதே. நகரசபையில் பேசவேண்டும்."

"அதுவரை பொலிஸ்?"

"அதுவரை நான் பட்டியலைக் கொடுக்கமாட்டேன். சத்தியம்."

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஆனால் ஞாயிறு காலை கனகேந்திரன் கூப்பிட்டார். மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் கத்தி பிடித்த மனிதர், அவசரமாகப் பேசினார்.

"பிள்ளை, மலருக்கு மூண்டு நாளாக் காய்ச்சல். இண்டைக்கு விட்டிட்டுது. ஆனா பல் முரசால இரத்தம் வருது. நீ அண்டைக்குச் சொன்னது மாதிரித்தான் இருக்கு. என்ன செய்யட்டும்?"

சாம்பவி காரை எடுத்துக்கொண்டு போனாள். தேவமலர் வரமாட்டேன் என்றாள். "என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றாள். சுவரைப் பிடித்தபடி எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கனகேந்திரனும் சாம்பவியும் அவளைத் தூக்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சட்டப்படி அதன் விபரம் தானாகவே பதிவுக்குப் போயிற்று. 'பெயரில்லை' என்று பதினொரு வளவுகளில் கிடந்த இரத்தத்துக்கு அரை மணிநேரத்தில் பெயர் கிடைத்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பொலிஸ்காரர் சிகிச்சை அறைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். தேவமலர் பிழைத்தாள். ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தாள்.

ஆண் நுளம்புச் செய்தியைச் சாம்பவி திங்கட்கிழமை காலையிலேயே பத்திரிகைக்குக் கொடுத்தாள். ரூனர் தடுக்கவில்லை. ஊர் இரண்டு நாள் கொதித்தது. பிறகு வீடு வீடாகப் பீப்பாய் தேய்க்கத் தொடங்கியது. தேவமலர் காய்ச்சலைக் கொண்டு வரவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவளிடம் அனுமதிப் பத்திரம் இல்லை என்பதும் அப்படியேதான் இருந்தது. செப்டெம்பர் நடுவில் விமானம் ஏற்றினார்கள். போகும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "துறைமுகத்தில கட்டியிருக்கிற டயர்களை மறந்திடாதேங்கோ. அதுக்குள்ளையும் மழைத்தண்ணி நிக்குது."

கடைத் தெருவில் ஒருநாள் இங்கெர் சாம்பவியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "யாரும் கொண்டு வரவில்லை என்கிறாய். அப்படியென்றால் நான் யாரைக் கோபிப்பது?" என்று கேட்டாள். உண்மையாகவே பதிலை எதிர்பார்த்து நின்றாள்.

அடுத்த கோடையில் சட்டம் இறுகியது. காய்ச்சல் வந்த வீட்டின் பெயர் நகரசபைப் பலகையில் போடப்பட்டது. மூன்று வாரம் அந்த வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் போகக்கூடாது. யூன் முடிந்தது. யூலை முடிந்தது. காய்ச்சல் எண்ணிக்கை பூச்சியம்.

"பீப்பாய் தேய்த்தது வேலை செய்திருக்கிறது" என்றார் ரூனர். "உன் ஆட்களிடமும் ஒன்றுகூட இல்லை."

சாம்பவிக்கு அந்தப் பூச்சியம் பிடிக்கவில்லை. ஆண் நுளம்புகளில் கிருமி போன வருடத்தை விட அதிகமாக இருந்தது. மருந்துக்கடைகளில் காய்ச்சல் குளிசை தீர்ந்துகொண்டிருந்தது. சில பொறிகளில் நாள்கணக்கில் ஒரு நுளம்பும் விழவில்லை. நூற்றுப் பதினெட்டில் இரண்டு வாரமாக வெறுமை.

அவள் போய்ப் பார்த்தாள். பொறியின் வாயில் பிளாஸ்ரிக் பை ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது.

புஸ்பராணி கதவைச் சங்கிலியோடு திறந்தார்.

"அன்ரி, அங்கிள் எங்கை?"

"நித்திரை."

"பகல் பதினொரு மணிக்கோ? எத்தினை நாளாக் காய்ச்சல்?"

புஸ்பராணி அவளை உற்றுப் பார்த்தார். "நீதான் மலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனி. அதாலதான் அவ உயிரோட இருக்கிறா. அதாலதான் அவ இஞ்சை இல்லை. ரெண்டும் எனக்குத் தெரியும். உன்னில கோவமில்லை. ஆனா நீ வந்தா உனக்குப் பின்னால ஆர் வருவினம் எண்டு தெரியும்."

"அன்ரி, கதவைத் திறங்கோ."

"பேரை எழுதுவியோ?"

"எழுதத்தான் வேணும்."

சங்கிலி கழன்றபோது இன்னும் நாற்பது நிமிடம் போயிருந்தது. கனகேந்திரனுக்கு அது ஐந்தாம் நாள். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஒருமுறை டெங்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் காலை இறந்தார். இரண்டு நாள் முன்னே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அதைப் புஸ்பராணியிடம் சொல்லவேண்டாம் என்று சாம்பவி கேட்டுக்கொண்டாள்.

செத்த வீட்டுக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். ஓகஸ்ட் வெயிலில் சிலர் தடித்த சுவெற்றர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கை நடுங்கித் தேத்தண்ணீர் சிந்தினார். சாம்பவி உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. இரண்டு பெண்கள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார்கள். அவள் காய்ச்சலை மறைப்பவர்களை எண்ணத் தொடங்கினாள். ஒன்பது வரை வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு திருகாணி முடுக்கியோடு புறப்பட்டாள். ஒவ்வொரு பொறியாகத் திறந்து வாசிப்பானைக் கழற்றினாள். பொறி இருக்கட்டும்; நுளம்பு விழட்டும்; யாருடைய இரத்தம் என்று மட்டும் தெரியவேண்டாம்; அப்போதுதான் ஆட்கள் காய்ச்சலை ஒளிக்காமல் வருவார்கள். வேலை போகும், வழக்கு வரலாம் என்பதும் தெரிந்தே செய்தாள். முதல் தெருவில் கழற்றும்போதே இரண்டு வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். மூன்றாம் தெருவில் ஒருவர் காய்ச்சலோடிருந்த மனைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, "இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று நோர்வே மொழியில் கேட்டார். பைகள் கட்டிய பொறிகள் தமிழர் வீடுகளில் மட்டும் இல்லை. இங்கெரின் பொறியிலும் ஒரு பை இருந்தது.

பத்து மணிக்கு மேட்டுத் தெருவில் ஒரு வெள்ளை வீட்டின் வளவுக்குள் போனாள். ரூனரின் வீடு. அவரிடம் நேரில் சொல்லிவிட்டே அவருடையதைக் கழற்றவேண்டும் என்று நினைத்திருந்தாள். பொறியின் மூடியைத் திறந்தாள். வாசிப்பான் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திருகாணிகள் ஒழுங்காகத் திரும்பப் பூட்டப்பட்டிருந்தன. வேலை தெரிந்த கை கழற்றியது.

அவள் நிமிர்ந்தபோது பின்கதவில் ரூனர் நின்றார். சவரம் செய்யாத முகம். அவருக்குப் பின்னால் சோபாவில் அவருடைய ஆறு வயது மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

அவர் அவளுடைய தோள்பையைப் பார்த்தார். வாசிப்பான்களால் அது கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்கு நாள்" என்றார் ரூனர். "இன்று விட்டுவிட்டது. சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்." பிறகு, மெதுவாக: "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெயர் பலகையில் வருமா?"

அந்தச் சட்டத்துக்கான விதிகளை எழுதியவர் அவர்தான்.

சாம்பவி பையைப் புல்லில் போட்டுவிட்டு, வாசலில் நிறுத்தியிருந்த தன் காரின் பின்கதவைத் திறந்தாள்.

"முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா" என்றாள்.